எதிர்வீட்டுத் தோள்

நான் பேசப் போகும் கருத்தரங்குகளில் "நீங்கள் நடுநிலையாக இருக்கிறீர்களா?" என்று யாராவது ஒருவர் கேட்டே தீருவார். கேட்பவர்கள் நல்லவர்கள்தான். தண்ணீர் பாட்டிலை முன்னால் வைத்துக்கொண்டு மரியாதையான குரலில்தான் கேட்பார்கள். தங்கவயலில் பிறந்த ஒருத்தி தங்கவயல் ஜனங்களின் சண்டையை ஆராய்கிறாள் என்றதும் அவர்களுக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது. பெங்களூர்க்காரர் பெங்களூரைப் பற்றி எழுதினால் மட்டும் அது வருவதில்லை. ஆரம்பத்தில் நான் பவ்யமாக விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போதெல்லாம் "இல்லை" என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறேன்.

உளவியல் என் தொழில். மனிதர்கள் எதை நியாயம் என்று நினைக்கிறார்கள், அது கிடைக்காதபோது என்ன செய்கிறார்கள், சண்டை எப்படித் தணிகிறது என்பவைதான் என் பாடம். தங்கவயலில் ஸ்கெலட்டன் என்ற பகுதியில், சுரங்கத் தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டிப்போட்ட லைன் வீடு ஒன்றில் பிறந்தேன். காலை ரயிலைப் பிடித்துப் பெங்களூர் போய்ப் படித்தேன். பிறகு அதே ரயிலைப் பிடித்துப் போய்ப் பாடம் நடத்தினேன். தலை நரைத்ததுதான் மிச்சம், ரயிலில் உட்கார இடம் இன்றும் கிடைப்பதில்லை.

நான் எழுதிய முதல் கட்டுரை மேஜையைப் பற்றியது. எங்கள் அப்பா அண்டர்கிரவுண்டில் வேலை செய்தவர். ஒருமுறை ஏதோ தகராறில் அவரை என்கொயரிக்குக் கூப்பிட்டார்கள். மேஜைக்கு அந்தப் பக்கம் அதிகாரி உட்கார்ந்திருப்பார், இந்தப் பக்கம் அப்பா தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பார். என்ன கேட்டாலும் "சரிங்க சார்". வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அத்தனைக்கும் இல்லை என்றார். அவர் மட்டும் இல்லை, எங்கள் ஊரில் ஒரு தலைமுறையே மேஜைக்கு முன்னால் சரி என்று சொல்லிப் பழகியது. பிள்ளைகளும் அதை அப்படியே வாங்கிக்கொண்டார்கள். மேஜையில் வரும் சம்மதம் சம்மதமே இல்லை என்று நான் எழுதினேன். சொந்த அனுபவம் ஆராய்ச்சி ஆகாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மறுபடி எழுதினேன், மறுபடி அனுப்பினார்கள். எனக்கு அப்போது வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. ஆற வேண்டிய அவசியமும் இல்லை என்று நினைக்கிறேன்.

சில வருஷங்களுக்கு முன்னால் அந்தக் கோபத்துக்கு ஒரு வேலை வந்தது.

பெங்களூரிலிருந்து ஒரு தொண்டு நிறுவனம் எங்கள் பகுதிக்கு வந்தது. அக்கம்பக்கத்துச் சண்டைகளைப் போலீஸ், கோர்ட் என்று போகாமல் பேசித் தீர்ப்பது அவர்கள் திட்டம். நல்ல திட்டம்தான். உள்ளூர் ஆள், பாஷை தெரிந்தவள், படித்தவள் என்று என்னை ஆலோசகராகச் சேர்த்துக்கொண்டார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட முதல் சண்டை எங்களுக்குப் பக்கத்து லைனில் நடந்துகொண்டிருந்தது.

அந்த லைனில் இரண்டு வரிசை வீடுகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கும். நடுவில் ஒரு சந்து. சந்தின் கடைசி வீட்டில், அண்ணன், அக்கா என்று நாங்கள் கூப்பிடும் ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள். கிறிஸ்தவக் குடும்பம். அண்ணன் சுரங்கத்தில் பாறை துளைத்தவர், அந்தத் தூசி நுரையீரலில் தங்கிவிட்டது. பகலும் இரவும் மூக்கில் குழாயோடு படுத்திருந்தார். பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும். கரண்ட் போனால் அக்கா சிலிண்டரைத் திறந்துவிட ஓடுவார்.

எதிர்வீட்டில் ஒரு தம்பி. இந்துக் குடும்பம். பெங்களூரில் ஒரு கம்பெனிக்குப் போய்வருபவன், நான் ஏறும் ரயிலில்தான் அவனும் ஏறுவான். மகனுக்குக் கல்யாணம் வைத்திருந்தான். லைன் வீடு என்பது ஓர் அறையும் ஒரு சமையல்கட்டும். புது மருமகளை எங்கே படுக்க வைப்பது? சந்துப் பக்கமாக இழுத்து ஓர் அறை கட்டிவிட்டான். எல்லோரும் அப்படித்தான் கட்டியிருந்தார்கள். ஆனால் அவனுடைய அறையின் மூலை, எதிர்வீட்டு அக்காவின் வாசலுக்கு நேராக வந்து நின்றது. தன் ஸ்கூட்டரைத் தள்ளிப் பார்த்து, சமையல் சிலிண்டர் வருகிறதா என்று பார்த்து, தாராளமாக இடம் விட்டிருக்கிறேன் என்று நிம்மதியாக இருந்தான்.

அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. சுவரை இடி என்றார். காற்று வரவில்லை என்றார், வெளிச்சம் வரவில்லை என்றார். இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது. கிறிஸ்துமஸ் கேக்கும் பொங்கலும் தட்டு மாறுவது நின்றது.

என்ன விஷயம் என்று கேட்கப் போன என்னை அக்கா உள்ளே உட்கார விடவில்லை. சந்தின் மறுகோடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். அண்ணன் காதுக்கு எட்டாத இடம் வந்ததும் நின்றார். ஒரு தடவை வாசலைத் திரும்பிப் பார்த்தார்.

"அவர ஒரு தடவ போர்வையில தூக்கினு வந்தாங்கம்மா. உள்ள பாறை வெடிச்சி விழுந்துச்சே, அப்போ. மேல பெட்டி ரெடியா வெச்சிருந்தாங்க. பொழைச்சிக்கினாரு. இன்னொரு தடவ அவரு போர்வையில போகக் கூடாது. பெட்டி வூட்டுக்குள்ள வரணும், பெட்டியிலதான் அவரு வெளிய போகணும். இந்த செவுரு இருந்தா பெட்டி திரும்பாது."

நான் திரும்பிப் பார்த்தேன். பாடை என்றால் மூங்கில், கொஞ்சம் சாய்த்து வளைத்துக் கொண்டுபோய்விடலாம். சவப்பெட்டி வளையாது. வாசலை விட்டு வெளியே வந்ததும் அந்த மூலையில் முட்டும். ஒன்று நிமிர்த்த வேண்டும், இல்லையென்றால் பெட்டியை ரோட்டில் வைத்துவிட்டு ஆளைப் போர்வையில் தூக்கிவர வேண்டும்.

இதை அவனிடம் சொல்லிவிடலாமே அக்கா என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "உயிரோட கீற மனுசனுக்குப் பெட்டி அளக்குற பொண்டாட்டியா நானு? எங்கியும் பேசாத. அவரு காதுல வுழக் கூடாது."

பேச மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

சமாதானக் கூட்டத்தை ஒரு பள்ளிக்கூட ஹாலில் வைத்தார்கள். நீள மேஜை போட்டு, அதற்கு இந்தப் பக்கம் அக்காவையும் அந்தப் பக்கம் தம்பியையும் உட்கார வைத்து, நடுவில் நிறுவனத்தின் இயக்குநர் உட்கார்ந்தார். மேஜை வேண்டாம், எல்லோரும் வெளியில் மரத்தடியில் நிற்கலாம் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தேன். பயிற்சியில் அப்படிச் சொல்லித்தரவில்லை என்றார். நேருக்கு நேர் பார்த்துப் பேசினால்தான் மனம் திறக்குமாம். யாருக்குத் திறக்கும் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

இயக்குநர் கன்னடத்தில் அன்பாகத்தான் பேசினார். உங்கள் தேவை என்ன அம்மா என்றார். அக்கா மேஜையைப் பார்த்துக்கொண்டே காற்று என்றார். வெளிச்சம் என்றார். தம்பி உடனே, என் செலவில் அண்ணன் வீட்டுக்கு ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டுத் தருகிறேன், கூரையில் கண்ணாடி ஓடு வைத்துத் தருகிறேன் என்றான். மனதாரச் சொன்னான், அவன் கெட்டவன் இல்லை. இயக்குநர் முகம் மலர்ந்துவிட்டது. இது உங்களுக்குச் சம்மதமா அம்மா என்றார்.

"சரிங்க சார்" என்றார் அக்கா.

அதே குரல். எங்கள் அப்பாவின் குரல். எல்லோரும் கைதட்டினார்கள், டீயும் பிஸ்கெட்டும் வந்தன, அக்காவையும் தம்பியையும் கை குலுக்க வைத்துப் படம் எடுத்தார்கள். அக்கா பிஸ்கெட்டை முந்தானையில் முடிந்துகொண்டு போனார், அண்ணனுக்காக.

அன்றைக்கு மாலையே ஃபேன் பொருத்த வந்த ஆளை அக்கா வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்.

அவர் வாக்கு மாறிவிட்டார் என்று இயக்குநர் வருத்தப்பட்டார். இருந்தாலும் கூட்டம் வெற்றி, இரு தரப்பும் சுமுகம் என்று அறிக்கை எழுதி, ஆலோசகர் என்ற முறையில் என் கையெழுத்தைக் கேட்டார். போட மாட்டேன் என்றேன். அவர் சொன்ன சரி உங்களுக்கு இல்லை, உங்கள் மேஜைக்கு என்றேன். அப்படியென்றால் அந்த அம்மாவுக்கு உண்மையில் என்னதான் வேண்டும், நீங்களே சொல்லுங்கள் என்றார் அவர். நியாயமான கேள்வி. வாக்குக் கொடுத்த என் வாய் திறக்கவில்லை. அவர் தலையாட்டிக்கொண்டார். நீங்கள் அந்த ஊர்க்காரர், ஒரு பக்கம் சாய்கிறீர்கள், அதனால் உங்களால் இதைச் சரியாகப் பார்க்க முடியவில்லை என்று ரொம்பக் கனிவாகச் சொன்னார். என்னைத் திட்டத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். என் துறைத் தலைவர் வரை புகார் போனது. நடுநிலை இல்லாதவள் என்று அங்கேயும் பெயர் வாங்கினேன்.

ரயிலில் ஜன்னல் கம்பியைப் பிடித்து நின்றபடி யோசித்துக்கொண்டே வந்தேன். என் முப்பாட்டன் வடாற்காட்டிலிருந்து இந்த ஊருக்கு வந்ததே அங்கே ஊருக்குள் அவருக்கு நடக்கத் தெரு இல்லாததால்தான். அந்தத் தெருவின் ஓரமாக நடுநிலையாளர்கள் நிறையப் பேர் நின்றிருப்பார்கள். யாரையும் அடித்திருக்க மாட்டார்கள், யாருக்கும் வழியும் விட்டிருக்க மாட்டார்கள். இங்கே ஒரு பக்கம் ஒருவன் புதிதாக எழுப்பிய சுவர், மறுபக்கம் செத்தால் நேராகப் போக வேண்டும் என்ற ஆசை. இரண்டுக்கும் நடுவில் நின்றால் சுவர் இருந்த இடத்தில் இருக்கும். ஊர் வந்து இறங்கியபோது எனக்குத் தெளிவாக இருந்தது. நான் அக்கா பக்கம்.

இந்த இடத்தில் எங்கள் லைன்களின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். சாவு விழுந்தால் முன்பக்க வலது தோள் எதிர்வீட்டுக்காரருடையது. மகன், மருமகன், அண்ணன் தம்பி எல்லாம் அதற்குப் பிறகுதான். சுரங்கம் ஓடிய காலத்தில் சொந்தக்காரர்கள் ஒரே ஷிப்டில் கீழே இறங்கியிருப்பார்கள், எதிர்வீட்டுக்காரர் வேறு ஷிப்டு, வீட்டில் இருப்பார். அப்படி வந்த பழக்கம் என்பார்கள். சுரங்கம் மூடிய பிறகும் அது போகவில்லை. இந்து, கிறிஸ்தவர் என்ற கணக்கும் அதில் கிடையாது. தம்பியின் அப்பா இறந்தபோது முதல் தோள் கொடுத்தவர் இந்த அண்ணன்தான். அப்போதே அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்திருந்தது. கடைசி வரை மாற்றாமல் சுமந்தார் என்று ஊரே சொல்லும்.

ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான லெந்து நாட்கள் வந்தன. அந்த நாட்களில் சபையார் வீடு வீடாகப் போய் ஜெபக்கூட்டம் நடத்துவார்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டில் வையுங்கள் அக்கா என்றேன். வழக்கமாகப் பாய் விரிப்போம், இல்லையென்றால் பிளாஸ்டிக் நாற்காலி. நான் சபையின் கோயிலுக்குப் போய் மைன்ஸ் காலத்துப் பெஞ்சு ஒன்றைக் கேட்டு வாங்கினேன். தேக்கு. ஓர் ஆள் நீட்டி நிமிர்ந்து படுக்கலாம். எதற்கு இந்தக் கனம் என்று போதகர் கேட்டார். வயசானவர்கள் தரையில் உட்கார முடியவில்லை என்றேன். அதுவும் உண்மைதான்.

பெஞ்சு சந்துக்குள் வருவதைப் பார்த்த அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். புரிந்துவிட்டது. உள்ளே போய்விட்டார்.

சபையிலிருந்து மூன்று ஆண்கள் தூக்கி வந்தார்கள். முன்பக்கம் ஓர் ஆள் குறைவு. தம்பி தன் வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். தம்பி, கொஞ்சம் முன்னால் பிடியேன் என்றேன். சண்டையில் இருக்கும் வீடு என்று ஒரு கணம் தயங்கினான். பிறகு எழுந்து வந்து வலது பக்கம் தோளைக் கொடுத்தான். எந்தப் பக்கம் என்று நான் சொல்லவில்லை, அவனாகவே அங்கேதான் நின்றான்.

நாலு எட்டு வைத்ததும் அவன் கட்டிய மூலையும் எதிர்வாசலும் வந்தன. திருப்பினார்கள். பெஞ்சின் முனை வாசலுக்குள் போனது, பின்பக்கம் சுவரில் முட்டியது. பின்னால் வாங்கி மறுபடி திருப்பினார்கள். மறுபடி முட்டியது. புதுச் சுண்ணாம்பு உதிர்ந்தது.

"நிமித்தி எடுத்துக்கலாம்பா" என்றார் பின்னால் இருந்தவர்.

"நிமித்தாம கொண்டு போங்க" என்றேன்.

"ஏன்க்கா? பெஞ்சுதானே?" என்று தம்பி என்னைத் திரும்பிப் பார்த்தான்.

கொடுத்த வாக்கு அப்படியே இருந்தது. தோளில் பெஞ்சோடு, ஒரு கன்னம் வாசல் நிலையில் உரச, அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு பெஞ்சைப் பார்த்தான், அதன் நீளத்தைப் பார்த்தான். தன் தோளைப் பார்த்தான். உள்ளே மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. அவன் முகம் வெளுத்துப்போனதை நான் பார்த்தேன். எனக்கு அவன்மேல் இரக்கம் வந்தது. ஆனாலும் கண்ணை எடுக்கவில்லை.

உள்ளேயிருந்து அண்ணனின் குரல் வந்தது, மூச்சுக்கு நடுவில் ஒவ்வொரு சொல்லாக. "இன்னாப்பா, பெஞ்சு உள்ள வரலியா?"

"வந்துடும்ணா" என்றான் தம்பி. "கொஞ்சம் டைம் குடுண்ணா."

"மெதுவா வரட்டும். எனக்கு இன்னா அவசரம்" என்றார் அண்ணன்.

அவருக்குத் தெரிந்திருந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அக்காவிடமும் நான் கேட்கவில்லை.

பெஞ்சு அன்று உள்ளே போகவில்லை. சந்திலேயே போட்டு, ஜெபம் முடியும்வரை தம்பி அதில் உட்கார்ந்திருந்தான். பாட்டுப் பாடும்போது அவனுக்குத் தெரியாத வரிகளிலும் உதட்டை அசைத்துக்கொண்டிருந்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொத்தனார் வந்தார். அறை முழுவதையும் இடிக்கவில்லை, வாசலுக்கு நேராக நீட்டிக்கொண்டிருந்த மூலையை மட்டும் சாய்வாக வெட்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசினார். அந்தப் பக்கம் போட நினைத்திருந்த கட்டில் இனிமேல் நுழையாது. தம்பியின் மனைவி என்னை நிறுத்தி வைத்துக் கேட்டாள், மருமகள் வருகிற வீட்டை மூளியாக்கிவிட்டீர்களே என்று. அவளுக்கும் காரணம் சொல்லப்படவில்லை. தம்பியும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அவள் இன்றும் என்னோடு பேசுவதில்லை. சமாதானம் என்றால் எல்லோரும் சிரிப்பது என்று நினைக்கிறவர்கள் அந்தச் சந்துக்கு ஒருமுறை வந்து போகலாம்.

மூலை வெட்டப்பட்ட செய்தி எப்படியோ இயக்குநருக்குப் போய்விட்டது. தங்கள் கூட்டத்தின் பலன் என்று எழுதிக்கொண்டார்கள். அது போகட்டும். பெங்களூரில் ஒரு கருத்தரங்கில் அதைப் பற்றிப் பேச என்னையே கூப்பிட்டார்கள். எந்த உத்தியைப் பயன்படுத்தினீர்கள் என்று ஒருவர் கேட்டார். ஒரு பெஞ்சு என்றேன். சிரித்தார்கள். அந்த அம்மாவின் தரப்பிலிருந்து நீங்கள் விலகி நிற்கவில்லையே, இது தொழில் நெறிக்குச் சரியா என்று இன்னொருவர் கேட்டார். விலகி நின்றிருந்தால் பெஞ்சை யார் கேட்டு வாங்கியிருப்பார்கள் என்று திருப்பிக் கேட்டேன். நேரமாகிவிட்டது என்று மணி அடித்தார்கள். மேடையில் எனக்கும் அவர்களுக்கும் நடுவில் ஒரு மேஜை இருந்தது. நான் அதைச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்து நின்று மிச்சத்தையும் பேசிவிட்டுத்தான் இறங்கினேன்.

அந்த மழைக்காலம் முடிவதற்குள் அண்ணன் போய்விட்டார். வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த நேரம் எனக்குப் போன் வந்தது. அன்றைக்கு ரயிலை விட்டேன். பக்கத்து ஊரான பேத்தமங்களாவிலிருந்து வந்த உறவுக்காரர்கள் சந்து முழுக்க நின்றார்கள். பெட்டி வந்தது. வெட்டிய மூலைப் பக்கம் முனையைக் கொடுத்து, திருப்பி, எங்கும் முட்டாமல் வீட்டுக்குள் போனது. அதில் அவரைப் படுக்க வைத்தார்கள். ஜெபம் முடிந்தது, மூடினார்கள்.

தூக்கும்போது, வெளியூரிலிருந்து வந்திருந்த அண்ணனின் மகன் முன்னால் வந்தான். பெரியவர்கள் அவனைக் கொஞ்சம் விலக்கினார்கள். எதிர்வீட்டிலிருந்து தம்பி வெறுங்காலோடு வந்து வலது தோளைக் கொடுத்தான். வாசலைத் தாண்டினார்கள். மூலைக்கு வந்ததும் அவன் ஒரு கணம் நின்று, பின்னால் இருப்பவர்களுக்கு "மெதுவா" என்று மட்டும் சொன்னான். பெட்டி திரும்பியது. சாயவில்லை, நிமிரவில்லை. படுத்தவர் படுத்தபடியே நேராக ரோட்டுக்குப் போனார்.

அக்கா வாசற்படியைப் பிடித்துக்கொண்டு நின்று அதைக் கடைசிவரை பார்த்தார். அழவில்லை. பெட்டி கண்ணுக்கு மறைந்த பிறகு என் பக்கம் திரும்பினார். குரலைத் தாழ்த்தவில்லை, சந்தில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"இதுக்குத்தானே கேட்டேன். வேற இன்னா கேட்டேன்."